ஆட்டை ஒன்றும் செய்யாத விழா

சுடலைவடிவுக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை நேர்மை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவளோடு விலங்கியல் துறையில் வேலை பார்த்தவர்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள்.

முக்கூடலுக்குப் பக்கத்து ஊரில், அவள் வீட்டில், கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். அதற்கு அத்தாட்சியாகத் தாசில்தார் முத்திரையோடு முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஒன்று இருந்தது. உலகத்துக்கே முதல் பட்டதாரி தான்தான் என்பதுபோல அதை லேமினேட் செய்து பீரோவில் வைத்திருந்தாள். அம்மா செல்லக்கிளி பீடி சுற்றியும், அப்பா மகாராஜன் அடுத்தவர் வாழைத் தோட்டத்தில் மண் வெட்டியும் படிக்கவைத்த எம்.எஸ்ஸி. அதைக் கொண்டு மூன்று வருடமாகத் தற்காலிக உதவிப் பேராசிரியை. தற்காலிகம் என்றால் ஏப்ரல் கடைசியில் வேலை போகும். ஜூனில் திரும்ப வரும். ஜூன் வரும், வேலை வராமலும் போகும். அந்த வருடம் துறையில் ஒரே ஒரு நிரந்தர இடம் காலியாக இருந்தது. "டீம் வந்துட்டுப் போகட்டும், பாக்கலாம்" என்று முதல்வர் சொல்லியிருந்தார். அந்த "பாக்கலாம்" என்ற சொல்லில்தான் அவள் வீட்டார் மூன்று பேரும் குடியிருந்தார்கள்.

அந்தக் கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். வண்ணார்பேட்டையில் பஸ் ஏறி முக்கால் மணி நேரம் போனால் வயலுக்கு நடுவே ஒரு பெரிய நுழைவாயில் தெரியும். அதற்குப் பின்னால் கட்டடமும் உண்டு. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அங்கே மதிப்பீட்டுக் குழு வரும். மற்ற நாலு வருடமும் அது வரப்போவதற்காகக் கல்லூரி நடக்கும்.

குழு வருவதற்கு இரண்டு மாதம் முன்னால் ஆசிரியர் கூட்டம் நடந்தது. கூட்டத்துக்கு வருகை குறையக் கூடாது என்று பிரியாணி சொல்லியிருந்தார்கள். முதல்வர் முனைவர் பிரேமலதா எழுந்தார்.

"நமக்குன்னு ஒரு தனித்தன்மை வேணும். மரம் நடுததப் பக்கத்துக் காலேஜ்காரங்க எடுத்துக்கிட்டாங்க. மழைநீரை அதுக்கடுத்த காலேஜ்காரங்க எடுத்துக்கிட்டாங்க. யோகாவை எல்லாருமே எடுத்துக்கிட்டாங்க. நமக்கு என்ன மிச்சமிருக்கு? யோசிச்சுச் சொல்லுங்க."

எல்லாரும் எலும்பை யோசித்தார்கள்.

சுடலைவடிவு மட்டும் வாயைத் திறந்தாள். அதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. இரண்டு வாரம் முன்பு அவள் தனக்கென்று ஒரு ரேசர் வாங்கியிருந்தாள். வீட்டில் யாருக்கும் தெரியாது. போட்ட இடத்தில் அரிப்பு எடுக்க, ஏன் என்று போனில் தேடப்போய், எங்கெங்கோ சுற்றி, முயலின் முதுகைச் சிரைத்து அதன்மேல் கிரீம் தடவி நாள்கணக்கில் பார்ப்பதைப் பற்றிய ஒரு கட்டுரையில் போய் நின்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விலங்கியல் படித்த ஐந்து வருடத்தில் அவள் அறுத்த தவளைகளுக்கு வராத தண்ணீர். இந்த உலகத்தின் மேல் அவளுக்கு வந்த ஆத்திரம் இரண்டு வாரமாக ஆறவில்லை. அன்றைக்குச் சிக்கன் பிரியாணி சாப்பிடும்போதுதான் சற்று ஆறியிருந்தது.

"விருந்தினர் ரூம்ல நாம வைக்கோம்லா, சேவிங் செட்டு, அதக்கூட முயலக் கொடுமப்படுத்தித்தான் செய்யுதாங்க மேடம்" என்றாள், கோழிக்காலைத் தட்டில் வைத்துவிட்டு. "அத மாத்த நம்ம காலேஜுக்குத் துப்பு இருக்கா?"

அவள் குத்திக்காட்டத்தான் சொன்னாள். ஆனால் அந்தக் கல்லூரியில் குத்தல் என்று ஒரு தலைப்பு கிடையாது. வாயிலிருந்து வருவதெல்லாம் ஆலோசனை என்ற தலைப்பில்தான் பதிவாகும். தர உறுதிப் பிரிவின் தலைவர் முனைவர் சத்தியநேசன் அப்போதே எழுதிவிட்டார்: தனித்தன்மை, விலங்குநேய வளாகம். ஒருங்கிணைப்பாளர், செல்வி சுடலைவடிவு. பணி, குழு உறுப்பினர் ஐவருக்கும் விலங்குகள் மேல் சோதிக்கப்படாத சவரப் பொருள்கள்.

"நல்லா வாய் பேசுத, அதே மாதிரி வேலையும் பாரும்மா" என்றார் சத்தியநேசன். "அந்த நிரந்தர இடத்துக்கு இதெல்லாம் கணக்குல வரும்."

பீர் மைதீன் அண்ணாச்சியின் ஃபேன்சி கடை வண்ணார்பேட்டையில் பஸ் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே இருந்தது. ஆம்பிளைச் சாமானை ஒரு பெண் கேட்டால், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு இந்தப் பக்கம் பார்க்கிற கடை.

"அண்ணாச்சி, மிருகத்துல சோதிக்காத ரேசர் இருக்கா? கிரீம், பிரஷ்ஷு எல்லாம் வேணும். அஞ்சு செட்டு."

"மிருகத்துக்காம்மா?"

"மனுசங்களுக்குத்தான் அண்ணாச்சி. மிருகத்துல சோதிச்சிருக்கப்படாது. அவ்வளவுதான்."

அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பது வருசமா யாவாரம் பண்ணுதேன். ஒரு மிருகமும் இங்கன வந்து சேவிங் பண்ணிட்டுப் போனதில்ல. தைரியமா வாங்கிட்டுப் போ."

"இங்கன இல்ல அண்ணாச்சி, கம்பெனில. முயலச் சிரைச்சு, அந்தத் தோலுல கிரீமத் தடவிப் பாப்பாங்க."

"சிரைக்கத்தானம்மா கிரீமு? சிரைச்ச பெறகு எதுக்குத் தடவுதான்?"

"சோதிக்காததுல முயல் துள்ளுத மாதிரி ஒரு படம் போட்டிருக்கும் அண்ணாச்சி. அதப் பாத்து எடுங்க" என்றாள்.

"அதெப்படி? கோழிப் படம் போட்டா கோழி மசாலா. மீன் படம் போட்டா மீன் மசாலா. முயல் படம் போட்டா முயலுக்குப் போட்டதுன்னுல்லா அர்த்தம்?"

பஸ்ஸுக்கு நின்ற ஒருவர், "அண்ணாச்சி கேக்குததும் நியாயந்தான" என்றார். இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். சுடலைவடிவு ஐந்து நிமிடம் அவர்களுக்கெல்லாம் பாடம் நடத்தினாள். முயலின் கண், முயலின் தோல், மனிதனின் மனசாட்சி என்று மூன்று தலைப்பில். கேட்டு முடித்த அண்ணாச்சி பெருமூச்சு விட்டார்.

"பாவந்தான். சரி, ஒனக்கு என்ன ரேசர்?"

"புது ரேசர்ல எல்லாம் வழுவழுன்னு ஒரு பட்டை ஒட்டியிருக்கும் அண்ணாச்சி. தண்ணி பட்டா கரையும். அதத்தான் சோதிப்பாங்க."

"அப்ப பட்டையே இல்லாத பழைய ஸ்டீல் ரேசர் தாரேன். வெறும் இரும்பு. அத எந்த முயல் மேல சோதிக்கப் போறான்?"

"பிரஷ்ஷு? அது என்ன முடி?"

"நைலான். பன்னி முடில வாரத நான் கடைப்படி ஏத்துததில்ல. தெரியும்லா?"

அவள் இரண்டு வாரமாகக் கொந்தளித்துக் கண்டுபிடித்த கொள்கையில் பாதியை, பீர் மைதீன் அண்ணாச்சி ஒரு கட்டுரையும் படிக்காமல் முப்பது வருடமாகக் கடைப்பிடித்து வந்திருக்கிறார். இது அவளுக்குப் பிடிக்கவில்லை.

கிரீம்தான் இழுத்தது. ஒரு கம்பெனியின் உதவி எண்ணில், "எங்கள் தயாரிப்பு விலங்குகளுக்கு உகந்ததல்ல மேடம், செல்லப்பிராணிகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்" என்றார்கள். இன்னொரு கம்பெனியில், சட்டம் கேட்கிற இடங்களில் தவிர வேறெங்கும் தாங்கள் சோதிப்பதில்லை என்றார்கள். எந்தெந்த இடம் என்று கேட்டதும் பாட்டுப் போட்டார்கள். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டாள். கடைசியில் மலைப்பக்கம் எங்கோ ஒரு சின்னக் கம்பெனியைக் கண்டுபிடித்து, கூரியரில் ஐந்து டப்பா வரவழைத்தாள். டப்பா மேல் முயல் துள்ளிக்கொண்டிருந்தது. சுடலைவடிவும் ஏறக்குறைய அதே நிலையில் சத்தியநேசன் அறைக்குள் போனாள்.

அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் சரி. ஆதாரம் எங்கம்மா?"

"முயல் படம் இருக்கே சார்."

"படம் யாரு வேணாலும் போடலாம். நம்ம காலேஜ் சின்னத்துல சிங்கம் இருக்கு. உள்ள யாரு சிங்கம்?"

அவள் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். அறையில் அவர் மட்டும்தான் இருந்தார்.

"கம்பெனில இருந்து கடிதம் வாங்கிருக்கேன் சார். கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கு."

"அது அவங்க ஆதாரம். டீமு கேக்குதது நம்ம ஆதாரம்." சத்தியநேசன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. புதியவர்களுக்குப் பொறுமையாகவே விளக்குவார். "நீ சின்னப் பிள்ள. ஒண்ணு புரிஞ்சுக்கிடணும். நடந்ததுக்கெல்லாம் ஆதாரம் இருக்கணும்னு கட்டாயமில்ல. ஆனா எதுக்கு ஆதாரம் இருக்கோ அதுதான் நடந்தது. ஜியோ டேக் போட்டோ வேணும்."

ஜியோ டேக் போட்டோ என்றால் படத்துக்குக் கீழே இடம், தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் தானாகவே விழுகிற போட்டோ. அந்தக் கல்லூரியில் அது இல்லாமல் யாரும் ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை. தேசிய கீதத்தைக்கூட, தீர்க்கரேகை விழவில்லை என்று இரண்டாம் முறை பாடியிருக்கிறார்கள்.

"சோதிக்காததை எப்படி சார் போட்டோ எடுக்கது?"

"அதுல என்ன கஷ்டம்? ஒரு மிருகம் இருக்கணும். பக்கத்துல கிரீம் இருக்கணும். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணும் நடக்காம இருக்கணும். அத எடுக்கணும்."

"அப்ப முயல் ஒண்ணு ஏற்பாடு பண்ணுதேன் சார்."

"அய்யய்யோ, முயலு ஆய்வக விலங்கு. அதுக்கு அறநெறிக் குழு அனுமதி தரணும். நம்ம அறநெறிக் குழுவுல மூணு பேர் மேல விசாரண நடக்கு. கூட்டம் போட ஆளில்ல. வீட்டு விலங்குன்னா அனுமதி வேண்டாம். ஒங்க வீட்ல ஆடு இருக்கா?"

இருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். வேறு யாராவது ஆடு கொண்டுவந்து அந்த நிரந்தர இடத்தையும் கொண்டுபோய்விட்டால் என்ன செய்வது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. "இருக்கு சார், கருப்பா, லட்சணமா" என்றாள்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போதே அம்மாவுக்குப் போன் போட்டாள். செல்லக்கிளி மடியில் பீடித் தட்டு இருந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டுதான் எப்போதும் பேசுவாள்.

"காலேஜுக்கு ஆடு எதுக்குட்டி?"

"ஒண்ணும் செய்யமாட்டாவம்மா. ஒண்ணும் செய்யாம இருக்கதுக்குத்தான் கேக்காவ."

"ஒண்ணும் செய்யாம இருக்கதுக்குத்தான் அது இங்கனயே இருக்கே."

"அங்க ஒண்ணும் செய்யாம இருந்தா போட்டோ எடுப்பாவ."

செல்லக்கிளி ஒரு பீடிக்கு நூல் கட்டி முடித்தாள். "ஏட்டி, வேல நெலைக்குமா அதுல?"

"நெலைக்கும்னு சொல்லுதாவ."

"அப்ப ஆட்டக் கொண்டு போ. வேணும்னா ஒங்கப்பாவையும் கொண்டு போ."

அப்படித்தான் ஆனது. ஆடு கருப்பி, சுடலைவடிவுக்கு அடங்காது. மகாராஜன் கூட இருந்தால்தான் அடங்கும். விழாவன்று தோட்டத்து வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, வெள்ளை வேட்டி கட்டி, சட்டையை இஸ்திரி போட்டு, ஆட்டையும் குளிப்பாட்டி லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார். மகள் வேலை பார்க்கிற கல்லூரிக்குள் அவர் அதுவரை வந்ததில்லை. அன்றைக்கும் வரவில்லை. வாசல் காவலாளி, அழைப்பிதழில் பெயர் பார்த்தார்.

"சிறப்பு விருந்தினர், ஆடுன்னு போட்டிருக்கு. ஆட்டுக்கு பேட்ஜும் வந்திருக்கு. ஒமக்கு ஒண்ணும் வரலியே வே."

"நாந்தானய்யா ஆட்டக் கொண்டாந்தேன். எம் மகதான் விழா நடத்துதா."

"அப்படின்னா ரிஜிஸ்டர்ல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு அந்த வேப்பமரத்து நெழல்ல இரியும். ஆடு உள்ள போட்டும்."

மகள் ஓடிவந்தாள். அப்பா சிரித்துக்கொண்டே கயிற்றை நீட்டினார். "ஏட்டி, ஆட்டப் பையக் கூட்டிட்டுப் போ. நமக்கென்ன, நம்ம வீட்டுலேருந்து ரெண்டு பேரு உள்ள போறீங்கள்லா."

அந்தச் சிரிப்பு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆட்டை இழுத்துக்கொண்டே நேராக முதல்வரிடம் போனாள். எங்க அப்பாவுக்கு ஒரு நாற்காலி இல்லாத விழா எனக்கு எதற்கு என்று கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனாள். "எங்கப்பா வெளிய நிக்காவ மேடம்" என்று தொடங்கினாள்.

"அப்படியா, ரொம்ப மகிழ்ச்சி" என்றார் பிரேமலதா. "ஆனா மேடையில கூட்டம் கூடிட்டா ஆடு தெரியாதும்மா. ஆடுதான நமக்கு முக்கியம்?"

வாய் நீளம் என்று ஊரெல்லாம் பெயரெடுத்த சுடலைவடிவு, "சரி மேடம்" என்றாள்.

மேடையில் கட்டியிருந்த பேனரில், 'விலங்குகள் மீது சோதனை செய்யாமை: தொடக்க விழா' என்று எழுதியிருந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஆட்டுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஆடு பொன்னாடையின் ஜரிகையைத் தின்னத் தொடங்கியது. மாணவர்கள் கைதட்டினார்கள், கைதட்டாதவர்களுக்கு வருகைப் பதிவு கிடையாது என்று சொல்லியிருந்தார்கள்.

முதல்வர் பேசினார்: "வரலாற்றில் எத்தனையோ கல்லூரிகள் எத்தனையோ செயல்களைச் செய்திருக்கின்றன. ஆனால் ஒன்றும் செய்யாமல் இருப்பதையே ஒரு செயலாகச் செய்துகாட்டும் முதல் கல்லூரி நம்முடையதுதான். இந்தத் துறையில் நமக்கு இருபத்தைந்து ஆண்டு அனுபவம் இருக்கிறது."

சத்தியநேசன் பேசினார்: "இந்த ஆட்டை நாம் இன்று ஒன்றும் செய்யவில்லை. நாளையும் ஒன்றும் செய்யமாட்டோம். இதற்கு ஐந்தாண்டுத் திட்டம் தயாராக இருக்கிறது. முதல் ஆண்டு ஆடு. இரண்டாம் ஆண்டு மாடு. ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் யானையை ஒன்றும் செய்யாத நிலையை எட்டுவோம்."

பிறகு படம். டப்பாவுக்குள் இருந்தால் கிரீம் போட்டோவில் தெரியாது என்று, உள்ளிருந்த ட்யூபை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் பிழிந்து, நைலான் பிரஷ்ஷால் நுரை பொங்கக் கலக்கி மேசைமேல் வைத்தார்கள். கிண்ணத்துக்கு அந்தப் பக்கம் முதல்வர், இந்தப் பக்கம் ஆடு. நடுவில் ஒன்றும் நடக்காமல் இருக்க வேண்டும்.

"லொகேஷன் விழமாட்டேங்குது சார்" என்றார் படம் பிடித்த அலுவலக உதவியாளர் முத்துமாலை. "உவரிக் கடலுக்குள்ள காட்டுது."

"அசையாம நில்லுங்க. எல்லாரும் அசையாம நில்லுங்க" என்றார் சத்தியநேசன்.

எல்லாரும் நின்றார்கள். முதல்வர் சிரித்தபடி நின்றார். செயற்கைக்கோள் மனம் இரங்க மூன்று நிமிடம் ஆனது. மனிதர்களெல்லாம் அசையாமல் நின்றதால் ஆட்டைத் தடுக்க யாருமில்லை. மலைப்பக்கத்துக் கிரீமில் தேங்காய் எண்ணெய் வாசம். கருப்பி கிண்ணத்துக்குள் முகத்தை விட்டு, நுரையைச் சுத்தமாக நக்கிவிட்டுத் தலையைத் தூக்கியது. கருப்பு முகத்தில் காது முதல் காது வரை வெள்ளைத் தாடி. அந்தக் கணத்தில் "விழுந்துட்டு சார்!" என்று முத்துமாலை பொத்தானை அமுக்கினார்.

அட்சரேகை, தீர்க்கரேகை, காலை பதினொன்று நாற்பத்திரண்டு எல்லாம் பிழையில்லாமல் விழுந்திருந்தன. படம் தானாகவே மதிப்பீட்டுக் குழுவின் இணையதளத்தில் ஏறியும்விட்டது. ஏறியதை அழிக்க முடியாது. முறைகேடு நடக்கக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள்.

மத்தியானம் அவசரக் கூட்டம். தின்றது சோதனையா, இல்லையா என்பதுதான் பொருள். விலங்கியல் துறைத்தலைவர், சோதனை என்றால் மனிதன் செய்ய வேண்டும், இது ஆடு தானாக விரும்பிச் செய்தது, ஆகவே நுகர்வு என்றார். நுகர்வு என்றால் நுகர்வோரின் கருத்துப் படிவம் வேண்டுமே என்றார் சத்தியநேசன். படிவத்தில் ஐந்து கேள்வி. மிகவும் திருப்தி, திருப்தி, பரவாயில்லை, திருப்தியில்லை, சொல்ல இயலாது என்று ஐந்து கட்டம். ஆட்டின் சார்பில் ஒருங்கிணைப்பாளரே நிரப்பலாம் என்று தீர்மானம் நிறைவேறியது. சுடலைவடிவு எல்லாக் கேள்விக்கும் மிகவும் திருப்தி என்று டிக் போட்டாள். 'மேம்பாட்டுக்கான ஆலோசனை' என்ற இடத்தைக் காலியாக விட்டதுதான் அவள் காட்டிய எதிர்ப்பு.

"படத்த மாத்த முடியாது. தலைப்ப மாத்தலாம்" என்றார் சத்தியநேசன். "எதுலயும் மாட்டிக்கிடாத மாதிரி ஒரு தலைப்பு நீயே போடும்மா."

அவள், 'ஆடும் சவரக் கிரீமும்: ஒரு பார்வை' என்று போட்டாள். வாசலுக்குப் போனபோது அப்பா ஆட்டின் தாடியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னட்டி, ஒண்ணும் செய்யமாட்டாவன்னு சொன்ன?"

"ஒண்ணும் செய்யலப்பா. அதுவாத்தான் செஞ்சிட்டு."

ஊர் போய்ச் சேரும்வரை ஆடு ஏப்பம் விட்டுக்கொண்டே வந்ததாகவும், ஒவ்வொரு ஏப்பத்துக்கும் ஆட்டோ மணமாக இருந்ததாகவும் அப்பா பிறகு சொன்னார். மற்றபடி அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒரு மாதம் கழித்து மதிப்பீட்டுக் குழு வந்தது. ஐந்து பேருக்கும் ஐந்து அறையில் ஸ்டீல் ரேசர், நைலான் பிரஷ், துள்ளும் முயல் டப்பா. குழுத் தலைவர் வெளிமாநிலத்து ஓய்வுபெற்ற துணைவேந்தர். அவருக்கு நெஞ்சுவரை தாடி. இரண்டு பேர் பெண்கள். நாலாமவர் மின்சார ரேசரைக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஐந்தாமவர் அந்தக் கிரீமைப் பற்பசை என்று நினைத்துப் பல் தேய்த்துவிட்டு, சுவை சரியில்லை என்று காலையிலேயே புகார் சொன்னார். ஆட்டுக்கு அடுத்து அதை வாயில் வைத்தவர் அவர்தான். ஆடு குறை சொல்லவில்லை.

கலந்தாய்வுக் கூடத்தில் திரை கட்டி, வளாகத்தின் தனித்தன்மையை ஒவ்வொரு படமாகக் காட்டினார்கள். குழு பாதித் தூக்கத்தில் இருந்தது. அந்தப் படம் வந்ததும் தலைவர் நிமிர்ந்தார்.

"நிறுத்துங்க. இது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

திரையில் கருப்பி, வெள்ளைத் தாடியோடு, தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் சிரித்தபடி முதல்வர். கீழே அட்சரேகை.

தலைவர் தலைப்பைப் படித்தார். கருத்துப் படிவத்தைப் புரட்டினார். அவர் முகம் மலர்ந்தது.

"காலையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன், இந்தக் கல்லூரியில் ஆராய்ச்சி என்று ஒன்று நடக்கிறதா என்று. ஒரு தொழில்துறைப் பொருளை எடுத்து, விலங்கின் மேல் சோதித்து, முடிவுகளை ஐந்து அளவுகோலில் பதிவு செய்திருக்கிறீர்கள். இதைப் போய் தனித்தன்மை என்ற மூலையில் ஒளித்து வைப்பதா? ஆராய்ச்சித் தலைப்பில் அல்லவா வைக்க வேண்டும்! யார் செய்தது?"

பிரேமலதா மெதுவாகத் திரும்பிச் சுடலைவடிவைப் பார்த்தார். சத்தியநேசனும் பார்த்தார். அந்தப் பார்வைகளில் மிரட்டல் இல்லை. ஒரு நிரந்தரப் பணியிடம்தான் இருந்தது.

அவள் எழுந்தாள். முயலின் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது சோதனை இல்லை, சோதனைக்கு எதிரானது, நாங்கள் அதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாத கூட்டம் என்று சொல்ல வேண்டும். வேப்பமரத்தடியில் நின்ற மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று வருடமாக இப்படியொரு சபைக்குத்தான் அவள் காத்திருந்தாள். நல்ல ஆங்கில வாக்கியங்கள் தொண்டைவரை வந்து வரிசையாக நின்றன.

"ஒரே ஒரு ஆடுதான் சார்" என்றாள். "மாதிரி எண்ணிக்கை குறைவு."

"அடக்கம்!" என்றார் தலைவர், மற்ற நால்வரிடமும். "அடுத்த ஆண்டு கூட்டிக்கொள்ளலாம் அம்மா. பத்து ஆடு, இருபது ஆடு. முயலும் சேர்த்துக்கொள்ளுங்கள்."

"சரி சார்" என்றாள்.

கல்லூரிக்கு நல்ல மதிப்பெண் வந்தது. வண்ணார்பேட்டையில் பேனர் வைத்தார்கள். ஒரு மாதத்தில் சுடலைவடிவின் கையில் உத்தரவும் வந்தது: நிரந்தர உதவிப் பேராசிரியை, கூடுதல் பொறுப்பு, விலங்குச் சோதனைப் பிரிவு. உத்தரவைக் கொடுக்கும்போது முதல்வர், "ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டார். நிறையச் சொல்ல வேண்டியிருந்தது. "எந்தத் தேதியிலேருந்து மேடம்?" என்று கேட்டாள்.

அன்றைக்குப் பஸ்ஸில் ஊருக்கு வரும்போது அந்தக் காகிதத்தை நாலு தரம் படித்தாள். முதல் இரண்டு தரம் முதல் வரியை மட்டும். வீட்டில் அம்மா பீடித் தட்டோடு இருந்தாள். அப்பா சட்டையில்லாமல், முட்டுவரை சேறோடு வந்து உட்கார்ந்தார். உத்தரவை அவர் கையில் கொடுத்தாள். அவருக்கு வாசிக்கத் தெரியாது. கை ஈரமாக இருந்ததால் ஓரத்தை மட்டும் பிடித்து, நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனி ஏப்ரல்ல நிறுத்தமாட்டாவல்லா?" என்றார்.

"மாட்டாவப்பா."

செல்லக்கிளி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "இனிமே என்ன வேலட்டி பாக்கணும், அங்கன?"

பெற்ற தாயிடம் பொய் சொல்லக் கூடாது என்பதுவரை அவள் கொள்கை இன்னும் மிச்சமிருந்தது. "ஆடு, முயலுக்கெல்லாம் சோப்பு, கிரீம் போட்டு, ஒத்துக்கிடுதான்னு பாக்கணும்."

செல்லக்கிளி தட்டைக் கீழே வைத்தாள். மகளையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அதுக்கா இத்தன படிப்பு? ஒங்கப்பா தெனமும் ஆத்துல மொதலாளி மாட்டுக்குச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிட்டுத்தான வாராவ. அவுக எந்தக் காலேஜ்ல படிச்சாவ?"

சுடலைவடிவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. யார் மேல் என்று இந்தத் தடவை அவளுக்குத் தெளிவாகத் தெரிந்ததால், வாயைத் திறக்கவில்லை.